படுத்திருக்கும் பல்

கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கி மாதக்கணக்காகிவிட்டது. தையல்காரி மறுபக்கத்தால் மென்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். கணவர் போன பிறகு சாப்பாடே பேருக்குத்தான் என்பதால் அது பெரிய கஷ்டமாகவும் தெரியவில்லை. கன்னம் வீங்கிப் பேச்சுக் குழறியபோதுதான் நாத்தனார் அவளைத் தெருமுனைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நான் பிடுங்குறதெல்லாம் நின்னுக்கிட்டிருக்கிற பல்லும்மா. இது காலை நீட்டிப் படுத்திருக்கு. எலும்பை வெட்டித்தான் எடுக்கணும். பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு சர்ஜன் இருக்காரு.”

“நீங்களே எடுத்துடுங்க டாக்டர்.”

“எடுக்கலாம். ஆனா வேர் நரம்பை ஒட்டி இருக்கு. கொஞ்சம் பிசகினாலும் கீழ் உதடு மரத்துப்போயிடும். சில பேருக்கு உணர்ச்சி திரும்புறதே இல்ல.”

“போனாப் போகுது. உதட்டை வச்சு இனிமே என்ன செய்யப் போறேன்?”

“அண்ணி!” என்றாள் நாத்தனார்.

டாக்டர் சிரிக்கவில்லை. “என் வெள்ளைக் கோட்டு தொளதொளன்னு இருக்குன்னு பிடிச்சுத் தச்சுக் குடுத்தீங்களே, அப்ப குண்டூசியெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?”

அவள் கை உதட்டுக்குப் போனது. இரண்டு கையும் துணியில் இருக்கும்போது ஊசிக்கு உதடுதான் இடம். இத்தனை வருடத்தில் ஒன்றுகூட உள்ளே போனதில்லை.

வாசலுக்கு வந்ததும் நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணன் கண்ணை மூடின ஆஸ்பத்திரின்னுதானே தயங்குறீங்க?”

“அந்த நாற்காலியில இனிமே என்னால உக்கார முடியாது.”

“உக்கார வேணாம், நிப்போம். எனக்கும் அவர் அண்ணன்தான்.”

நின்றார்கள். அதே தாழ்வாரம், ஒன்றோடொன்று சேர்த்துப் பொருத்திய அதே சாம்பல் நிற நாற்காலிகள். அங்கே வைத்துத்தான் அவருடைய சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் கையில் கொடுத்தார்கள். ஒரு பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் தைக்க வேண்டும் என்றுதான் அப்போது தோன்றியது. பை இன்னும் பிரிக்கப்படவில்லை.

“உக்காருங்களேன்மா,” என்றாள் நர்ஸ்.

“உக்காந்தா எங்க அண்ணி எந்திரிக்க மாட்டாங்க. நீங்க சீக்கிரம் கூப்பிடுங்க,” என்றாள் நாத்தனார்.

சர்ஜன் பல்லைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். அதிகம் பேசாத மனிதர். மரப்பு தெளிய சாயங்காலம் ஆகும் என்றார்.

வீட்டில் அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு குண்டூசியை உதட்டில் கவ்விப் பார்த்தாள். யாருடைய உதட்டிலோ இருப்பதுபோல் இருந்தது. எடுத்து வைத்தாள். வெயில் சாய்ந்த பிறகு மறுபடி கவ்வினாள். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு இன்னொரு முறை. ஓரத்தில் சுருக்கென்றது.

“குத்துது,” என்றாள் பல்லிடுக்கில்.

அடுப்படியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “குத்தினா வெளியே எடுங்களேன் அண்ணி!”

அவள் எடுக்கவில்லை. ஊசியைக் கவ்வியபடியே எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் பையை எடுத்துவந்தாள்.