கறுப்புப் பாறை கரைகிறது

ஜூலியட்டுக்குத் தன் மீது சந்தேகம் வருவது அபூர்வம். தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றிலிருந்து பல்கலைக்கழகம் போய் நிலவியல் படிக்கும் பெண்ணைப் பற்றி மற்றவர்களே போதுமான அளவு சந்தேகப்பட்டிருந்தார்கள். அந்த வேலையைத் தானும் செய்ய வேண்டியதில்லை என்று அவள் நினைத்தாள்.

2003இல் இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் தேர்ந்துகொண்டது குருவிட்டவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓடை. பெரியம்மா தெரேசம்மா அங்கேதான் கொழுந்தெடுத்தாள். மலை முழுதும் வெளிர்நிறக் கல். ஓரிடத்தில் மட்டும் கறுப்புப் பாறை ஒன்று சுவர் போல ஓடையின் குறுக்கே கிடந்தது. பூமிக்கடியில் உருகிய குழம்பு ஒரு பிளவுக்குள் ஏறி, வெளியே வராமலே உறைந்துபோனது. எரிமலைக் கல்லின் நெருங்கிய உறவு.

மழை காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கல்லை அரிக்கிறது. கல்லிலிருந்து பிரியும் கல்சியம் அந்த வாயுவோடு சேர்ந்து ஆறுவழியே கடலுக்குப் போய், சிப்பி ஓடாகி, அடித்தரையில் புதைந்துவிடுகிறது. எரிமலைகள் ஊதித் தள்ளுவதைக் கற்கள் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றிலிருந்து எடுத்துவிடுவதால்தான், மிக நீண்ட காலக் கணக்கில், பூமி வெந்துபோகாமல் இருக்கிறது. எரிமலை இனக் கற்கள் மற்றவற்றைவிட வேகமாகக் கரையும். இந்தச் சின்னச் சுவரும் அந்த வேலையைச் செய்கிறதா என்பதுதான் ஜூலியட்டின் கேள்வி.

லயத்துப் பெண்களுக்கு இதை அவள் முதல் நாளே விளக்கியிருந்தாள். கல் காற்றைத் தின்கிறது என்று சுருக்கமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "கல்லே காத்தத் தின்னு பசியாறுதுன்னா, நாங்க எதுக்கும்மா விடிய முன்ன எந்திரிச்சு ரொட்டி தட்டுறோம்?"

ஒவ்வொரு முறையும் பாறைக்கு மேலே காட்டுக்குள் ஒரு போத்தல், கீழே லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் ஒரு போத்தல் எடுப்பாள். பாறையடியில் இருந்த தொட்டியிலிருந்துதான் பீலிக்குக் குழாய் இறங்கியது. பீலித் தண்ணீர், மேலே எடுத்ததைவிட இரண்டு மடங்கு கல்சியமும் கரைந்த வாயுவும் காட்டியது. எல்லாத் தடவையும் அப்படித்தான். இவ்வளவு சின்னப் பாறை இவ்வளவு செய்யுமா என்று அவளது ஆய்வை மேற்பார்த்த முஹ்ஸின் சேர் கேட்டார். செய்கிறதே சேர் என்று அவள் சொன்னாள். அடுத்த மாதத் துறைக் கருத்தரங்கில் பேச அவளுக்கு இடம் கிடைத்தது. அந்த வருடம் பேசப்போகும் ஒரே மாணவி அவள்தான்.

சிலிக்காப் பரிசோதனையை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். பாறை கரைந்தால் கல்சியத்தோடு சிலிக்காவும் வெளியே வந்தாக வேண்டும். வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும் என்பதால் அவசரமில்லை. மருந்து கலந்த நீரில் சிலிக்கா எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நீலம் அடர்த்தியாகும். ஆய்வுகூடத்தில் இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிர்நீலம். இரண்டு மடங்குக் கல்சியத்துக்கு ஏற்ற அடர்த்தி கீழ்க்குழாயில் இல்லை.

மருந்து பழசு என்று நினைத்தாள். புதிய மருந்தில் செய்தாள். கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துக் கழுவிச் செய்தாள். அப்புறம்தான் தன்னையே பார்க்க நேர்ந்தது. மனதுக்குப் பிடித்த எண் வந்தபோது ஒரு குழாயைக்கூட அவள் இரண்டாம் முறை கழுவியதில்லை. அந்த எண்ணில் அவள் பாறையைப் பார்க்கவில்லை. மேடையில் நிற்கும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்குள் உட்கார்ந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை. கேள்வி இன்னும் அங்கேயே இருந்தது.

வழக்கமாக முந்தின நாளே, தோட்டத்துச் சந்தியிலிருந்த புவாட்டின் கடைக்குப் போன் பண்ணி, வருவதாகப் பெரியம்மாவுக்குச் சொல்லியனுப்புவாள். இம்முறை அந்த நினைப்பே வரவில்லை. மருந்துப் பெட்டியோடு பஸ் ஏறி, மத்தியானம் பீலியடியில் நின்றாள். அங்கேயே நீரில் அமிலத்தைத் துளித்துளியாக விட்டாள்; கரைந்த வாயு கூடக்கூட, நிறம் மாற அமிலமும் கூடப் பிடிக்கும். எப்போதும் வெகுநேரம் காத்திருக்க வைக்கும் நிறம், இன்று சட்டென்று மாறியது. தண்ணீரில் பழைய அளவு எதுவும் இல்லை.

வெள்ளையம்மாவும் தானுமாகக் கொழுந்துக் கூடையோடு வந்த தெரேசம்மா அவளைக் கண்டு திகைத்து நின்றாள்.

"சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? தொட்டி கழுவவே இல்லையே."

"எதுக்குப் பெரியம்மா கழுவணும்?"

தெரேசம்மா வெள்ளையம்மாவைப் பார்த்தாள். வெள்ளையம்மா தேயிலைச் செடியைப் பார்த்தாள். பிறகு இருவருமாகச் சொன்னார்கள். சில வருடங்களுக்கு முன் யாரோ வந்து போத்தலில் தண்ணீர் பிடித்துப்போனார்கள். தண்ணீர் சரியில்லை என்று பீலியை அடைத்துவிட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுதும் பள்ளத்திலிருந்து குடம் சுமந்தார்கள். அதனால் ஜூலியட் வருகிறாள் என்று கடையிலிருந்து செய்தி வந்ததும், லயத்துப் பெண்கள் கூடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, லயத்துக்கு வெள்ளையடிக்க வந்த சுண்ணாம்பைச் சுவரில் பூசி, ஒரு வாளி தண்ணீரிலும் கலந்துவிடுவார்கள். சோதனையில் தண்ணீர் பாஸாக வேண்டும். பிள்ளைக்கும் நல்ல பெயர் வர வேண்டும்.

ஜூலியட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். சுவரில் மங்கிய வெள்ளை ஒட்டியிருந்தது. சூளையில் சுடும்போது சுண்ணாம்புக்கல் தன் வாயுவையெல்லாம் காற்றில் விட்டிருக்கும். இப்போது இந்த நீரில் அது எடுத்துக்கொள்வது விட்டதைத்தான். வானத்திலிருந்து புதிதாக எதுவும் குறைந்திருக்கவில்லை. அவளது மாதங்கள் எல்லாம் ஒரு வாளிச் சுண்ணாம்பு.

கோபப்பட முயன்று பார்த்தாள். வரவில்லை.

"தண்ணி நல்லதா கெட்டதான்னு பாக்க நான் வரல பெரியம்மா. கல்லு கரையுதான்னு பாக்கத்தான் வந்தேன். மொத நாளே சொன்னேனே."

"கல்லு காத்தத் திங்குதுன்னு சொன்ன. அத யாரு நம்புவா? ஏதோ மறைக்கிறன்னு நெனச்சோம்."

"யாரும் பீலிய மூட மாட்டாங்க. இனி நான் இதுல தண்ணி புடிக்கவே மாட்டேன். மேல, பாறையடியில புடிக்கிறேன்."

தெரேசம்மா கூடையை இறக்கி வைத்தாள். "ஹரி, அப்ப சரி. வா, வழுக்கும், கையப் புடிச்சுக்க."

தொட்டிக்கு மேலே, பாறை முடியும் இடத்தில் ஒரு போத்தல். பாறை தொடங்கும் இடத்தில் ஒன்று. ஜூலியட் ஈரக் கல்லில் குந்தி இரண்டையும் அங்கேயே சோதித்தாள். நீலம் ஊற நேரமெடுத்தது. பெண்கள் தேயிலையை மறந்து சுற்றி நின்றார்கள். மேல் நீர் வெளிர்நீலம். கீழ் நீர் அதைவிட ஒரு சாயல் கூடுதல். வெள்ளையம்மா முந்திக்கொண்டு விரலால் கீழ்க்குழாயைக் காட்டினாள். அமிலமும் கீழ் நீருக்குச் சற்று அதிகமாகவே பிடித்தது. இரண்டு மடங்கில்லை. அதன் பக்கத்தில்கூட இல்லை.

ஒரு நாள் அளவு போதாது என்று அவளுக்குத் தெரியும். கருத்தரங்கு வரை வாராவாரம் வர வேண்டும். மாலையில் புவாட்டின் கடையிலிருந்து முஹ்ஸின் சேருக்குப் போன் எடுத்து, பழைய எண்கள் முழுதும் சுண்ணாம்பினால் வந்தவை, வீசிவிடுங்கள் என்றாள்.  கருத்தரங்குப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடவா என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"வேணாம் சேர்," என்றாள் ஜூலியட். "நான் பேசுறேன். சின்ன எண்தான். ஆனா அது கல்லோடது."