மரிசெலின் புருஷனுக்கு எழுதச் சொன்னது

கஜா புயலில் நாகநாதனின் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் அன்றைக்கு யாருக்குத்தான் சாயவில்லை? ஆனால் அவர் வீட்டில் கொட்டகைச் சுவரும் இடிந்தது. மாட்டை அவிழ்த்துவிடப் போன மனைவி விஜயலட்சுமி அதனடியில் மாட்டிக்கொண்டாள்.

காரியம் முடிந்து மகள் கவிப்ரியா சிங்கப்பூருக்குத் திரும்பினாள். நாகநாதன் புதுக் கன்றுகள் நட்டார், தண்ணீர் பாய்ச்சினார், டீக்கடை பன்னைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். பேச்சு குறைந்துபோனது.

கவிப்ரியா ஓர் இணையதளம் வழியாக வெளிநாட்டுச் சிறு வியாபாரிகளுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துவந்தாள். ஒருநாள் வீடியோ காலில், கடன் கேட்டிருந்தவர்களின் படங்களைக் காட்டினாள்.

"இந்தத் தடவை யாருக்குன்னு நீங்க சொல்லுங்கப்பா."

பிலிப்பைன்ஸில் ஏதோ ஒரு தீவு. மரிசெல் என்ற பெண் தேங்காயெண்ணெய் காய்ச்சி விற்கிறாள், பெரிய சட்டி வாங்கப் பணம் வேண்டுமாம். பக்கத்தில் புருஷன் ஜோயல் கூச்சத்தோடு நின்றிருந்தான்.

"இவங்களுக்குக் கொடும்மா. பின்னால தென்னையைப் பாரு, அடியைச் சுத்தி வட்டப்பாத்தி எடுத்து எவ்வளவு நல்லா வச்சிருக்காங்க!"

அதன்பிறகு போனை எடுத்ததுமே, "மரிசெல் எப்படி இருக்காங்களாம்?" என்பார். சட்டி வாங்கிவிட்டாள், சந்தையில் கடை போட்டுவிட்டாள் என்று கவிப்ரியா வாசித்துக் காட்டுவாள். ஒரு தடவை அவராகவே, "இன்னைக்கு ரசம் வச்சேம்மா" என்றார். அன்று அவள் அலுவலகக் கழிவறையில் போய் அழுதாள்.

டிசம்பரில் அந்தப் பக்கத்துத் தீவுகளைப் புயல் தாக்கியது. டிவியில் சாய்ந்த தென்னைகளைப் பார்த்ததும் நாகநாதன் மகளைக் கூப்பிட்டார். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பொங்கல் கழித்துத்தான் தகவல் வந்தது.

"அப்பா... மரிசெல் இறந்துட்டாங்கப்பா. வீடு இடிஞ்சு விழுந்துடுச்சாம். இனி பணம் திரும்ப வராதுன்னு போட்டிருக்காங்க."

"பணத்தை விடு. அந்தப் புள்ள ஜோயல் இருக்கானா?"

"இருக்காரு."

மனைவியின் சாவில்கூட அழாத மனிதர் அவர். திரையில் அவர் தோள்கள் குலுங்குவதை கவிப்ரியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு எழுத முடியுமாம்மா?"

"தளத்துக்காரங்ககிட்ட அனுப்புறேன். போய்ச் சேருமான்னு தெரியலப்பா."

"எழுது. கன்னு வைக்க அவசரப்பட வேணாம், நிலம் சும்மா கிடக்கட்டும். அவ சட்டியைப் பாக்க முடியலைன்னா எடுத்து உள்ள வச்சிடச் சொல்லு. வேற பாத்திரத்துல கஞ்சியாவது காய்ச்சிக் குடிக்கட்டும். சொந்தக்காரங்க கூப்பிட்டா போய் இருக்கச் சொல்லு. நீ எத்தனை தடவை சிங்கப்பூருக்குக் கூப்பிட்ட, நான் வரல. அவனாச்சும் போகட்டும்."

கவிப்ரியா அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தாள். திருத்தித் திருத்தி ஒருவழியாக அனுப்பினாள்.

பதில் வரவில்லை. வாராவாரம் அவர் கேட்டார், அவள் இல்லையென்றாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எதுவுமே கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அன்றைக்கே கவிப்ரியா அப்பாவிடம் போகத் திருச்சிக்கு விமான டிக்கெட் போட்டாள்.