ஆற்றில் நின்ற குளச்சல் அலை

2004 டிசம்பரில் குளச்சலுக்குள் வந்த அலைகளில் ஒன்று கடலுக்குத் திரும்பவில்லை. வழி தவறி, தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரம் வழியாக ஆற்றில் ஏறி, திற்பரப்புக்குக் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு நின்றுவிட்டது. ரப்பர் வெட்டப் போகிறவர்கள் அதில் சாளை மீன் பிடித்தார்கள். மாங்காய் உப்பிலிட அந்தத் தண்ணீரையே கோரிக்கொண்டு போனார்கள். ஊர் பழகிவிட்டது. பழகாதவள் குளச்சல் அபினா ஒருத்திதான். அவள் புருஷன் ஜெனினைக் கொண்டுபோன அலை அது. உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரெல்லாம் மெழுகுவர்த்தி கொளுத்தும்போது அவளுக்கு மட்டும் கொளுத்த ஓர் இடமில்லை.

2009இல் துபாயிலிருந்து திரும்பிய பிரதீஷ் அங்கே சுற்றுலா வருகிறவர்களுக்காகக் காற்றடைத்த ரப்பர் படகு விட்டபோது, முதல் ஆளாக வேலைக்கு வந்து துடுப்பைப் பிடித்தது அபினாதான். மிதவை ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்றான், போட்டுக்கொண்டாள். விழுந்தால் மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதக்க வேண்டும், எழுந்து நின்றால் பாறை இடுக்கில் கால் மாட்டும் என்றான், கேட்டுக்கொண்டாள். ஆனால் அலைக்கு முன்னால் படகை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடற்கரைக்காரர்கள் அப்படித்தான், பெரிய அலை கடந்துபோன பிறகே படகைத் தள்ளுவார்கள். மத்தியானமாகிவிட்டது.

"அக்கா, ஆத்துல வெள்ளந்தான் போவும். அலை அங்கனயே நிக்கும். நேரே ஏத்தணும்" என்றான் பின்னால் இருந்த பிரதீஷ்.

நேரே ஏற்றினாள். பக்கவாட்டில் திரும்பினால் கவிழும் என்பதால் படகின் மூக்கை அலைக்கு நேராக வைத்து, உள்ளே போகும்போது துடுப்பால் ஓங்கி ஒன்று போட்டாள். "எனக்க மாப்பிளைய எங்கலே கொண்டு வச்சிருக்க?"

அலை படகைத் தூக்கி இறக்கியதோடு சரி. அவளும் விடவில்லை. ஆட்களை ஏற்றிப் போகும் ஒவ்வொரு தடவையும் அடியும் கேள்வியும் உண்டு. வந்தவர்கள் அதுவும் ஓட்டும் முறை என்று நினைத்துக் கூடவே அடித்தார்கள். அவள் படகிலிருந்து ஒருவரைக்கூட அந்த அலையால் பறிக்க முடியவில்லை. வெட்கக்கேடு அதற்குத்தான்.

2013 ஐப்பசியில் அலை தோற்றது. ஜெனினைப் படகுக்குள் மெதுவாகக் கிடத்தியது. போன அன்று உடுத்தியிருந்த கைலி, அதே முகம். அவளுக்குத்தான் நரை விழுந்திருந்தது. அபினா ஓவென்று அழுதாள். பூசை வைத்து அடக்கினார்கள். அந்த ஆண்டுக் கல்லறைத் திருநாளுக்கு அவளும் மெழுகுவர்த்தி வாங்கினாள்.

மறுநாள் வேலைக்கு வந்தபோது அலை கணுக்கால் உயரத்துக்குச் சுருண்டு படுத்துக் கிடந்தது. படகில் மதுரைக்காரர்கள் துடுப்போடு காத்திருந்தார்கள்.

"சிணுங்காம நிமிந்து நில்லுலே. ஆளு வந்திருக்குல்லா" என்றாள் அபினா.

அலை எழுந்து நின்றது.