சுவரைத் தாண்டாத ரூட்டர்

செபமாலையம்மாள் ரூட்டருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். அது நம் வீட்டில் வேலை செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாளிடம் வேலை செய்யக் கூடாது.

"காசு குடுக்கது நாம. சிக்னல் கோடு காட்டுறது அவ போன்லயா?" என்று மகனிடம் கேட்டாள்.

ஜினோ எஸ்டேட் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். வீட்டில் கடைசியாகப் பேசியவர் சொன்னதே சரி என்று வாழ்ந்து பழகியவன். "அதான" என்றான்.

மருமகள் எப்சிபா நடுச்சுவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் முதுகு ஒட்டிக் கிடக்கும் லயம் அது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் தலை உயரம்வரைதான் சுவர், அதற்கு மேல் பலகை. சுருளியம்மாள் வறுக்கும் கருவாடு இங்கே மணக்கும். மாமியார் சொல்லும் ஜெபமாலை அங்கே கேட்கும். ஜினோவுக்கும் எப்சிபாவுக்கும் சண்டை வந்தால், மறுநாள் சுருளியம்மாள் தீர்ப்பே சொல்லிவிடுவாள். அத்தனையும் தாராளமாகப் போய்வரும் அந்தப் பலகையை நெட் மட்டும் மதித்து நிற்க வேண்டுமாம்.

வேறு நேரமென்றால் எப்சிபா சிரித்திருப்பாள். கொச்சியில் உள்ள ஒரு ஆன்லைன் டியூஷன் நிறுவனத்துக்கு அவள் சனிக்கிழமை மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை போன் நெட்டை நம்பி எடுத்து, "பின்னம் என்றால்" என்று தொடங்கிய இடத்திலேயே படம் உறைந்துவிட்டது. திரையின் மூலையில் திறந்த வாயோடு நின்ற தன் முகத்தை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தான் இருக்கும் இருப்பை யாரோ படம் பிடித்துக் காட்டியது போலிருந்தது. இந்த முறையும் உறைந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் தொழிற்சாலை வளைவில், சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில் நின்று, ரூட்டர்களைப் பற்றி வாசித்துத் தள்ளியிருந்தாள். லயத்துக்குப் புதிதாக வந்த கேபிள் நெட்டுக்கு எது வேண்டும், வீட்டின் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூவரும் போன மூணாறு கடையில், மலையாளிக் கடைக்காரன் டிஜோ நான்கு ஆண்டெனா வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினான். "அம்மே, இது மூணு சுவரைத் தாண்டிப் போகும், கேட்டோ!"

செபமாலையம்மாள் சுவரேறிக் குதிக்கும் திருடனைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். "தாண்டாதது இல்லியாப்பா?"

டிஜோவுக்குப் புரியவில்லை. இருபது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை போலும். கண்ணாடிப் பெட்டியின் அடியிலிருந்து வெயிலில் மஞ்சளேறிப்போன ஒன்றை எடுத்தான். "இது ஒரு ரூமுக்குள்ளதான் நிக்கும். வேண்டாம் அம்மே, காசு போகும்."

"இதான் வேணும். அடக்கமான சாமான்."

"அதான" என்றான் ஜினோ.

எப்சிபாவுக்குச் சுருக்கென்றது. பெண் பார்க்க வந்த அன்றும் மாமியார் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். "சி.எஸ்.ஐ. சபையா இருந்தா என்ன, அடக்கமான புள்ள." அன்று அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சேலைத் தலைப்பைச் சரிசெய்தது ஞாபகம் வந்தது. இப்போதும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குப் பயம் காரணமில்லை. பின்னால் குறைசொல்ல ஒன்று கையில் இருக்கட்டுமே என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அது தனக்கே தெரிந்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ரூட்டரை முன்னறையில், நடுச்சுவரின் உச்சியில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தட்டிலேயே வைத்தார்கள். ஆண்டவருக்கு எரியும் சிவப்புப் பல்புக்காக அங்கே ஏற்கெனவே பிளக் இருந்தது. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். ஜினோ அம்மாவைக் குளிர்விக்க, நெட்டுக்கு 'செபமாலை' என்று பெயரும் வைத்தான்.

எப்சிபாவுக்கு ஒதுக்கியது பின்னறை. நடுவில் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த இரும்பு பீரோ வாசலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் தாண்டி ஒரு கோடுகூட வரவில்லை.

"பீரோவக் கொஞ்சம் நகத்துனா வரும் அத்தே."

"நாப்பது வருசமா நிக்குது. ஒன் படிப்புக்கு அது எந்திரிச்சு நடக்கணுமோ?"

"அப்பம் முன்னறையில இருந்து எடுக்கட்டுமா?"

"கதவத் தொறந்துபோட்டு, ஊர் பேர் தெரியாதவன்கிட்ட பல்லக் காட்டுவியோ? லயமே வேடிக்கை பாக்கும்."

சனிக்கிழமை காலை வகுப்புக்குச் சற்று முன், எப்சிபா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பின்னறையில் மூலை மூலையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது பலகைக்கு மேலிருந்து சுருளியம்மாளின் குரல் வந்தது.

"ஏ மைனி! ஒங்க பேரு எம் போன்ல வந்து நிக்கு! கோடு முழுக்க நிரம்பிக் கெடக்கு!"

 பலகையை அடுத்து வைத்த ரூட்டர் அடக்கத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தது.

எப்சிபா யோசிக்கவில்லை. மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னறையில் இருந்த மாமியாரைக் கடந்து வெளியே போனாள்.

"எங்கட்டி போற?"

"நம்ம நெட்டு இருக்க எடத்துக்கு அத்தே."

சுருளியம்மாள் டிவியை அணைத்தாள். முக்காலியிலிருந்த வெற்றிலைத் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தாள். வகுப்பு தொடங்கியது. பின்னம் என்றால் என்ன என்று எப்சிபா சொல்லி முடித்தாள். வாய் உறையவில்லை. அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மாமியார் எழுந்துவிட்டாள். சுவிட்சுக்குத்தான் கை போகிறது என்று எப்சிபாவுக்குத் தெரிந்தது.  ஆனால் ரூட்டரை அணைத்தால் ஆண்டவரும் இருண்டுபோவார். புயலடித்துக் கரண்டு போனபோதுகூட அந்தப் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவள் செபமாலையம்மாள்.  பிறகு நாற்காலி பழைய இடத்துக்குத் திரும்பியது.

"திங்கட்கிழமையிலிருந்து தினமும் வந்துவிடுங்கள்" என்றார்கள் கொச்சியிலிருந்து.

சுருளியம்மாள் போனை நீட்டினாள். "எட்டி, அந்தப் பாஸ்வேர்டப் போட்டுக் குடு. நாடகத்த இதுல பாத்துக்கிடுதேன்."

எப்சிபாவின் மனசு சட்டென்று கணக்குப் போட்டது. இவள் நாடகம் பார்த்தால் என் வகுப்பு உறையும். மாமியாரின் இந்தக் கஞ்சத்தனத்தை இத்தனை நாளும் உள்ளுக்குள் பழித்த அதே வாய் சொன்னது:

"அத்தைகிட்ட கேட்டுச் சொல்லுதேன் சித்தி."

"கேளு, கேளு." சுருளியம்மாள் வெற்றிலைத் தட்டை எடுத்து மறுபடியும் முக்காலியில் வைத்தாள். "திங்கக்கெழம நீ எங்க உக்காரணும்னு நானும் எம் மவன்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்."

 எப்சிபா கையை நீட்டிப் போனை வாங்கிப் பாஸ்வேர்டைத் தட்டினாள்.

"என்னட்டி அங்க குசுகுசுன்னு?" என்று பலகைக்கு மேலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.