மூடி மாதிரி ஒரு பலகை

தபீதாள் டீச்சர் அந்த வருஷம் மூன்று மாதமாக ஒரே ஒரு நாளுக்காகப் பாடுபட்டாள். 1974 டிசம்பர் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை. அன்று தாம்பரத்திலிருந்து கோவளத்துக்குப் போய், ஒரு பலகையோடு கடலில் இறங்கி, அலை வரும்போது அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். ஒரே ஒரு தடவை நின்றால் போதும். இதில் என்ன குற்றம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்!

ஆசை ஒரு படத்தால் வந்தது. ஒரு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருந்த அமெரிக்க அம்மாள் ஒருத்தி, ஊருக்குத் திரும்பும்போது பழைய பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டி இவள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு பெண், இவள் வயதுதான் இருக்கும், ஆள் உயர அலையின்மேல் நீளப் பலகை ஒன்றில் நின்றுகொண்டு சிரிக்கிறாள். பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. தபீதாள் அந்தப் பக்கத்தைக் கிழித்து அட்லஸுக்குள் வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் சேலையூர்க் கிணற்றில் அண்ணனோடு குதித்து நீச்சல் பழகியவள், தண்ணீர் பயம் கிடையாது. பூகோள டீச்சர் வேறு. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதத்தில் நம் கடலில் அலை நன்றாக எழும்பும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். அரைப் பரீட்சை லீவும் அப்போதுதான்.

ஆனால் அந்த நாளை விட்டால் வேறு நாளே கிடையாது. ஜனவரியில் கல்யாணம். இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாராவது உண்டா என்று. ஓலை வாசித்துவிட்டால் பெண் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அவள் அப்பா ஜெபராஜ் போட்ட சட்டம். அதற்குப் பிறகு மாப்பிள்ளையோடு நாக்பூர். நாக்பூரில் கடல் எங்கே இருக்கிறது? பூகோள டீச்சருக்கே தெரியாத கடலாக இருந்தால்தான் உண்டு.

சரி, துணைக்கு யார்? அண்ணன் தயாளன் அக்டோபரில், "நான் கூட்டிட்டுப் போறேன் தபீ, நீ ஏன் கவலைப்படறே?" என்றான். நவம்பரில், "ரேடியோல புயல்னு சொல்றானே" என்று இழுத்தான். டிசம்பரில் அவனுக்கு லீவு இல்லை. கூட வேலை பார்க்கும் பியூலா டீச்சர், "நானும் வரேன்டி" என்று குதித்தவள், கிறிஸ்துமஸ் பாட்டுக்குழுவில் தனியாகப் பாட வாய்ப்பு வந்ததும், உப்புக்காற்று தொண்டைக்கு ஆகாது என்று கழன்றுகொண்டாள். கிறிஸ்துமஸ் இருபத்தைந்து, பயணம் இருபத்தேழு. முடிந்துபோன பாட்டுக்கு எந்தத் தொண்டையைக் காப்பாற்றுகிறாள்? தபீதாளுக்கு எரிச்சலாக வந்தது. ஒருத்தராவது வர முடியாது என்று முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

பலகையாவது ஒழுங்காகக் கிடைத்ததா? மூன்று தச்சர்களிடம் போனாள். ஒருவர் பொங்கலுக்கு அப்புறம் வரச் சொன்னார். இன்னொருவர், "கதவா, ஜன்னலா, அதச் சொல்லுங்க" என்றார். மூன்றாமவர் சிரித்த சிரிப்பில் இவள் படத்தைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். கடைசியில் கல்லறைத் தோட்டத்துப் பக்கம், சவப்பெட்டி செய்கிற ஐசக்கின் கடையைத் தாண்டும்போது சுவரில் ஒரு மூடி சாய்ந்து நின்றது. நீளம், அகலம், கால்பக்கம் குறுகி வரும் வாகு எல்லாம் அப்படியே அந்தப் படத்துப் பலகை. போனாளே உள்ளே!

"இந்த மூடி மாதிரி ஒண்ணு வேணும். லேசா இருக்கணும். தண்ணி உள்ளே இறங்கக் கூடாது."

ஐசக் தலையைக் குனிந்துகொண்டு, "ஆளு எத்தினி அடிம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அஞ்சே கால்."

"கல்யாணம் ஆன ஆளா?"

"இன்னும் இல்லை." அது இவருக்கு எதற்கு என்று நினைத்தாள், ஆனால் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"பேரு?"

"தபீதாள்." வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, இருபத்தாறாம் தேதி காலையில் கொண்டுவரச் சொல்லிவிட்டு வந்தாள்.

இருபத்தாறாம் தேதி காலை அப்பாவும் அம்மாவும் கேக் டப்பாவோடு பல்லாவரத்துச் சித்தி வீட்டுக்குப் போனார்கள். தபீதாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பஸ் நேரம் விசாரிக்க ஸ்டாண்டுக்குப் போனாள். கோவளம் பஸ் காலை ஏழே காலுக்கு என்றார்கள். தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்பினால், வீட்டு வாசலில் கூட்டம்.

பூட்டிய கேட்டின்மேல் அவள் பலகை சாய்ந்து நின்றது. அதற்கு வெள்ளைத் துணி போர்த்தி, ஓரமெல்லாம் ஜரிகை வைத்து, நடுவில் பித்தளை ஆணிகளால் சிலுவை அடித்திருந்தார் ஐசக். சிலுவைக்குக் கீழே கறுப்புப் பெயிண்டில் 'செல்வி தபீதாள்'. ஐயோ ஆண்டவரே! பக்கத்தில் மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றார். தெரு முழுக்க வீடு கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பூட்டிய வீட்டைப் பார்த்ததும், எல்லாரும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள் என்று தெரு தானாகவே முடிவு செய்துவிட்டது.

எதிர்வீட்டு சரோஜினி அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "தங்கமான பொண்ணு. இருக்கற இடமே தெரியாது. உட்காருன்னா உட்காரும், எழுந்திருன்னா எழுந்திருக்கும்."

"இருபத்தெட்டு வயசு. இந்தத் தாம்பரத்தைத் தாண்டி எங்கேயாவது போயிருக்குமா, பாவம்?" என்றாள் இன்னொருத்தி.

"தனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்ல. அதான் ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டார்."

குடைக்குள் தபீதாளுக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. ஒருத்தியும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. செத்த பிறகு சொல்ல இவ்வளவுதான் இருக்கிறதா? அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"நான் இங்கேதான் இருக்கேன்" என்றாள்.

சரோஜினி அம்மாள் போட்ட அலறலில், பலகையை ஏற்றி வந்த ரிக்‌ஷாக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். அலறல் அடங்கியதும் அதே வாய்கள் திட்ட ஆரம்பித்தன. கல்யாணப் பெண் செய்கிற காரியமா, அறிவு இருக்கிறதா, எங்கள் உயிரே போய்விட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தங்கமாக இருந்தவள்! ஐசக்தான் அதிகம் நொந்துபோனார். "துக்க வூட்ல நான் கேள்வி கேக்கறதில்ல டீச்சர். ஆஸ்பத்திரில உங்க தங்கச்சி யாரோ இழுத்துகினு கீதுன்னு நெனச்சேன். கன்னிப் பொண்ணாச்சேன்னு ஜரிகையெல்லாம் நானே போட்டேன்."

மத்தியானம் திரும்பிய அப்பா விஷயத்தைக் கேட்டுத் தாம்தூம் என்று குதித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? கோவளமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதை அடுப்புக்குப் பிளந்து போடு!" தபீதாள் பலகையை விறகுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தாள். உட்காருன்னா உட்காரும் என்று காதுக்குள் கேட்டது. துணியைப் பிய்த்துப் பார்த்தாள். நூறு வருஷம் மண்ணில் கிடந்தாலும் பிரியாத மாதிரி ஐசக் ஒட்டியிருந்தார், வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் தலையில் சும்மாடு வைத்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரிலேயே வந்து நின்றாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"கோவளம். ஓலை ஞாயித்துக்கிழமைதானே வாசிக்கறாங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கேட்டைத் திறந்துவிட்டாள். சரோஜினி அம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு உறைந்து நிற்க, தெருவின் நடுவாக நடந்தாள்.

பஸ்ஸில் கண்டக்டர் கையை நீட்டி மறித்தார். "இன்னாம்மா இது, காலங்காத்தால? சாவு சாமான்லாம் ஏத்த மாட்டேன். பேஜாரு பண்ணாத."

"மேலே போட்டுக் கட்டிடலாம். லேசுதான்."

அவர் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "யாரும்மா தபீதாள்? எப்ப செத்தாங்கோ?"

"நேத்து எங்க தெருவுல சொன்னாங்க."

"நீ அவங்களுக்கு இன்னா வேணும்?"

அவள் பலகையை இறக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"நான்தான் தபீதாள். கோவளம் ஒண்ணு குடுங்க."