நாச்சம்மாளைப் பார்க்கும் கேமரா

பாலக்காட்டில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கட்டணப் பார்க்கிங்கில் நூறு வண்டி நிற்கும். கேமரா மட்டும் ஒன்றே ஒன்று. அதுவும் வாசலில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் நாச்சம்மாளின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கும். சீட்டுக் கொடுக்காமல் வண்டியை உள்ளே விட்டுவிடுவாளோ என்று கான்ட்ராக்டருக்கு அப்படியொரு பயம். தமிழ்நாட்டு எல்லையோரக் கோவிந்தாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மூன்று வருஷமாக வருகிறவள் மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

அன்று காலை பூபதிராஜா தன் வெள்ளை வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். பிரசவம் முடிந்த மனைவி வனிதாவையும் ஐந்து நாள் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“ஏனுங்கக்கா, வண்டி ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுதுங்க. மெக்கானிக்க வரச்சொல்லியிருக்கறேன். வந்தா இதுதான்னு கையக் காட்டி உடுங்க.”

“நீங்க போய்க் கொழந்தையப் பாருங்க தம்பி. நான் பாத்துக்கறேன்.”

பதினொரு மணி சுமாருக்கு இரண்டு பேர் வந்தார்கள். தோள்பையில் ஸ்பானர் குலுங்கும் சத்தம்.

“மெக்கானிக்குங்களா?” என்று நாச்சம்மாளே கேட்டாள்.

ஒருவன் மற்றவனைப் பார்த்தான். “ஆமாங்க,” என்றான்.

வண்டியைக் காட்டியதோடு அவள் விடவில்லை. வெயிலில் தரை கொதித்தது. அதில் எப்படிப் படுத்து வேலை பார்ப்பார்கள் பாவம் என்று, நாற்காலியில் போட்டு உட்கார்ந்திருந்த அட்டையை உருவிக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய சாமான் என்று எதையோ சாக்கில் சுற்றிக்கொண்டு, அட்டையைத் தூசி தட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

மதியம் பூபதிராஜா நாலைந்து தடவை சாவியைத் திருப்பினான். வேன் உழவு டிராக்டராக உறுமியது. குழந்தை வீறிட்டது. குனிந்து பார்த்தால் சைலன்சரைக் காணோம். அதற்குள் இருக்கும் விலை கூடிய உலோகத்துக்காக மொத்தமாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

இதற்கு யார் பொறுப்பு? பார்க்கிங் தங்களுடையதில்லை என்றார் ஆஸ்பத்திரி செக்யூரிட்டி. சைலன்சருக்குக் கம்பிக்கூடு போட்டுப் பூட்டியிருக்கலாமே என்றார் போனில் பேசிய போலீஸ்காரர். பார்க்கிங் சூப்பர்வைசர் ரிஞ்சு சீட்டைத் திருப்பி, வண்டிக்காரரே பொறுப்பு என்ற பொடி எழுத்தைக் காட்டினான். ஆளாளுக்குத் தட்டிவிட்ட பழி, தட்டிவிட ஆளில்லாத நாச்சம்மாளிடம் வந்து நின்றது.

ரிஞ்சு கேமராப் பதிவைத் தன் போனில் ஓட்டினான். அட்டையை உருவிக் கொடுக்கும் நாச்சம்மாள் பளிச்சென்று தெரிந்தாள்.

“கள்ளனுக்குப் பாய் விரிச்சுக் கொடுத்திருக்கு சேச்சி. நீங்களும் கூட்டுதானே? நாளை முதல் வேலைக்கு வர வேண்டா. இதை நான் போலீசுக்குக் காட்டுவேன்.”

வேலை போனால் போகட்டும். திருட்டுக்குக் கூட்டு என்று பேர் எடுத்துவிட்டு நாச்சம்மாள் ஊரில் எந்த முகத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்குவாள்?

“மெக்கானிக்கு வருவாருன்னு இவருதானுங்க சொன்னாரு,” என்றாள்.

ரிஞ்சு திரும்பினான். “சொன்னீங்களா சார்? சொன்னீங்கன்னா எங்களுக்குப் பொறுப்பில்ல. இல்லைன்னா, தப்பு எங்க ஆளோடது; கான்ட்ராக்டர்கிட்ட நானே பேசிப் புது சைலன்சர் போட வைக்கிறேன்.”

பூபதிராஜா வண்டியைப் பார்த்தான். வனிதாவின் தோளில் அழும் குழந்தையைப் பார்த்தான். இந்த ஆள் இல்லையென்று சொல்லிவிட்டால் தன் கதை முடிந்தது என்று நாச்சம்மாள் நினைத்தாள்.

“சொன்னேனுங்க,” என்றான் அவன். “ஒம்பதரைக்கே அவன் வர முடியாதுன்னு போன் பண்ணிட்டான். டிஸ்சார்ஜ் அவசரத்துல அக்காகிட்டச் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னோடதுங்க.”

நாச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வனிதாவையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்க அவன் வேனை ஓட்டிக்கொண்டு போனான். நம் மேல் பழியில்லை என்ற நிம்மதியோடு ரிஞ்சுவும் கிளம்பப் பார்த்தான்.

“தம்பி, நில்லுங்க,” என்றாள் நாச்சம்மாள். “மூணு வருசமா இந்தக் கேமரால என்னையவே பாத்தீங்க. என்ன கெடச்சுது? இனி அதைய வண்டிப் பக்கம் திருப்பி வைங்க. என்னைய நான் பாத்துக்கறேன்.”

ரிஞ்சு கேமராவை அண்ணாந்து பார்த்தான். அவளே நாற்காலியைத் தூக்கிக் கேமராவுக்கு அடியில் போட்டாள்.

“ஏறுங்க. நாற்காலி ஆடும், நான் புடிச்சுக்கறேன்.”