இடப்பக்கத்து இடைவெளி

கியர்பாக்ஸ் முக்கால்வாசி உள்ளே போய் நின்றுவிட்டது. வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த சின்னவர் ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். வலப்பக்கம் இன்ஜினோடு கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டது. இடப்பக்கம் மட்டும் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அதற்குமேல் நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

சின்னவர், பெரியவர் என்பதெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் வைத்த பெயர்கள். இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள், ஒரே கொட்டகையில் வேலை பார்த்தார்கள். பெரியவருக்குத் தெருவில் 'உக்காந்துரும்' என்று இன்னொரு பெயரும் உண்டு. எது பொருந்தாவிட்டாலும், "இறுக்கு, தானா உக்காந்துரும்" என்பார். வாய் நிறையச் சிரிப்பு. ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டு, வியர்வை படிந்த அதே ஸ்பேனரைத் துடைக்காமல் நீட்டுவார். அதை வாங்கும்போதெல்லாம் சின்னவருக்கு உள்ளங்கை கூசும். சகலையாயிற்றே, என்ன சொல்வது? பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

வேன் ஒரு அம்மாவுடையது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவள் பிழைப்பு. பழைய கியர்பாக்ஸ் நடுரோட்டில் பல் உடைந்து நின்றுபோனது. உள்ளே இருந்த வயசான நோயாளி ஒருவரைத் தோளில் தாங்கி ஆட்டோவில் ஏற்றினாளாம். இப்போது காயலான் கடையிலிருந்து வேறு கியர்பாக்ஸ் வாங்கி வந்திருந்தாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நோயாளிகளின் வீட்டுக்கு ஒவ்வொன்றாக போன் போட்டு, நாளைக்கு வண்டி வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னவர் பெட்டியைத் திரும்ப இறக்கினார். கிளட்ச் பிளேட் நடுவில்தான் இருந்தது. திருப்பி மாட்டவில்லை. ஒயர் எதுவும் இடையில் சிக்கவில்லை. இன்ஜின் சாய்ந்திருக்கிறதோ என்று மட்டம் வைத்துப் பார்த்தார், சாயவில்லை. மிச்சமிருந்தது இன்ஜின் தண்டின் நுனியில் இருக்கும் சின்ன பேரிங் ஒன்றுதான். அதை மாற்றிப் பார்த்துவிடலாம் என்று புதுசு வாங்கக் கிளம்பும்போது பெரியவரிடம் தெளிவாகவே சொன்னார், தான் வரும்வரை போல்ட்டில் கை வைக்க வேண்டாம் என்று. அவரும் தலையை ஆட்டினார்.

பேரிங்கோடு திரும்பி வந்தபோது பெட்டி மாட்டியாகிவிட்டது. சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கி, பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸின் விளிம்பில் கருப்பாக விரல் தடம்.

"பாத்தியா தம்பி? நீ ஊரெல்லாம் சுத்திட்டு வர்றதுக்குள்ள உக்காந்துருச்சு."

சின்னவர் வேனுக்கு அடியில் படுத்தார். இடைவெளி இல்லை. ஆனால் இடப்பக்கத்துக் காதில், போல்ட் போகிற அந்தத் தடித்த மூலையில், கிரீஸ் ஒரு கை அதிகமாகவே அப்பியிருந்தது. வெளிப்பக்கத்தில் கிரீஸுக்கு வேலையே கிடையாது. துணியால் துடைத்தார். மயிரிழை போல ஒரு விரிசல், போல்ட்டிலிருந்து புறப்பட்டு வளைந்து கீழே ஓடியது.

முகத்தைச் சுளித்துக்கொண்டார். விரிசலைப் பார்த்து அல்ல. இரும்பு என்றால் விரிசல் விடும், அதில் அருவருக்க ஒன்றுமில்லை. அந்தக் கிரீஸ்தான். விரலால் எடுத்து, அழகாகப் பூசி, ஓரத்தை வழித்துவிட்டிருந்த நிதானம். சத்தம் கேட்டிருக்கும். பெட்டியின் காது பிளக்கிற சத்தம் கேட்காமல் இருக்காது. கேட்டுவிட்டுத்தான் கிரீஸ் டப்பாவைத் தேடியிருக்கிறார். பூசிவிட்டுத்தான் டீ சொல்லியிருக்கிறார். வெளியே அந்த அம்மாவிடம், வண்டி இனி வெண்ணெயாக ஓடும் என்று அவர் சொல்வது காதில் விழுந்தது.

வெளியே வந்து, மறுபடி அவிழ்க்க வேண்டும் என்றார். பெரியவர் அவரைச் சுவரோரம் ஒதுக்கினார். ஊரில் விரிசல் விடாத வண்டியே கிடையாது, இது பாட்டுக்கு ஓடும், நம் வீட்டு விஷயத்தை வெளியாள் முன்னால் இழுக்காதே என்று தோளில் கை போட்டார். அந்தக் கையின் ஈரம் சட்டையைத் தாண்டி உறைத்தது. சின்னவர் தோளை உருவிக்கொண்டார். சற்று நேரத்தில் மனைவியின் போன். அக்கா அழுகிறாளாம், அத்தானைக் கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா என்றாள். செய்தி எவ்வளவு வேகமாக வீட்டுக்குப் போய்விட்டது. டீ கிளாஸைக் கீழே வைக்கத்தான் நேரமில்லை போலிருக்கிறது அவருக்கு.

போனை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். முதல் போல்ட் கழன்றதும் அந்த அம்மா எழுந்து வந்தாள். வந்த கோபம் அவர்மேல்தான் பாய்ந்தது.

"பெரியண்ணன் முடிச்சுட்டேன்னு சொல்லிட்டாரு. நீங்க எதுக்கு திரும்பப் பிரிக்கிறீங்க? நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இங்க வந்து பாருங்கம்மா."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து குனிந்தாள். அவர் லைட்டைக் காட்டினார். அவள் விரல் நகத்தால் விரிசலின் மேல் கோடு இழுத்தாள். நகம் மாட்டிக்கொண்டது.

"இதுலயா நான் அவங்கள உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்?" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு லைட்டை அவர் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள்.

பெட்டி இறங்கியதும் கோளாறு தெரிந்தது. இன்ஜினையும் பெட்டியையும் நேராகச் சேர்ப்பதற்கென்று பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பின்கள் இன்ஜின் முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும். பெட்டியில் அவற்றுக்கான ஓட்டைகள். இடப்பக்கத்து ஓட்டைக்குள் யாரோ எப்போதோ முறித்த பழைய பின்னின் துண்டு சிக்கியிருந்தது. மேலே எண்ணெயும் மண்ணும் இறுகி, வெறும் ஓட்டை போலவே கருப்பாகத் தெரிந்தது. தானும் அந்த இடத்தைத் துடைத்ததுதான் என்று நினைத்தபோது சின்னவருக்குத் தன்மேலும் கொஞ்சம் வெறுப்பு வந்தது. பின்னோடு பின் முட்டி நின்றிருக்கிறது. போல்ட்டைப் போட்டு இழுத்ததில் காது பிளந்துவிட்டது.

அவளுடைய பழைய பெட்டியின் உள்ளேதான் நாசம், இன்ஜினோடு சேருகிற முன்கூடு நன்றாகவே இருந்தது. அதைக் கழற்றி இதில் மாட்டிவிடலாம், நாளைக் காலையில் முடியும் என்றார். அவள் சரி என்றாள்.

அப்போதுதான் பெரியவர் வந்தார். சின்னவர் தட்டி எடுத்துவைத்திருந்த முறிந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, நாக்கைத் தட்டினார்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்மா. அதான், எதுக்கும் ஒரு தடவ பிரிச்சுப் பாத்துருடான்னு தம்பிகிட்ட சொன்னேன்."

சொல்லிவிட்டு, சின்னவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நாக்கு நுனிக்கு வந்ததைச் சின்னவர் விழுங்கப் போனார். இத்தனை வருஷமும் இப்படித்தான் விழுங்கியிருக்கிறார். மாடிப்படியில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், மாமனார் வீட்டு விசேஷங்களில்.

"அவர் சொல்லலம்மா," என்றார். "விரிசல்ல கிரீஸ் பூசினதும் அவர்தான்."

பெரியவரின் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. போகத் தெரியாமல் அங்கேயே இருந்தது. அந்த அம்மா லைட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள்.

அன்று ராத்திரி மனைவியின் அக்கா மாடியிலிருந்து கீழே வரவில்லை. மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னவர் தானே போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை பெட்டி கைத்தள்ளலிலேயே போய்ப் பொருந்தியது. போல்ட்டுகளுக்குப் பிடித்துவைப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. வேனைப் பின்னால் எடுக்கும்போது பெரியவர் வழக்கம்போலத் தெருவில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி, வரலாம் வரலாம் என்று வழிகாட்டினார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைப் பார்த்தே ஒடித்துத் திருப்பி, கியர் மாற்றி, மூலையைத் தாண்டிப் போய்விட்டாள். தெரு காலியாகிவிட்டது. பெரியவரின் கைகள் மட்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அசைந்துகொண்டிருந்தன.